எஸ்தர் டீச்சரின் கிளிசரின் பாட்டில்

பால் பூத்தில் டோக்கனைப் போட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கணக்கு ஆசிரியர் கோபாலன் பின்னாலிருந்து சொன்னார்: "சார், எஸ்தர் டீச்சர் போயிட்டாங்களாம். ஹார்ட்." பாத்திரம் சாய்ந்து பால் கையில் வழிந்தது. வருத்தம் வந்தது உண்மை. அதற்கு முன்பே, இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய வெடிமருந்துப் பாடத்தையே சொல்லப்போகிறார்களே என்ற எரிச்சல் வந்ததும் உண்மை.

டெல்லி லக்ஷ்மிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளியில் பல வருடங்கள் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். நான் வேதியியல், அவர் சரித்திரம். பாளையங்கோட்டைக்காரர். பானிப்பட்டில் பாபரின் பீரங்கி வரும் இடத்தில் பையைத் திறப்பார். இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரித்துண்டு, சொறிக்குப் போடும் கந்தகக் களிம்பு, குவார்ட்டர்ஸ் சுவரில் பூத்த வெள்ளை உப்பு. மூன்றும் சேர்ந்தால் வெடிமருந்து என்பார். கடைசியாக, டெல்லிக் குளிருக்கு உதட்டில் தடவும் கிளிசரின் பாட்டில். டைனமைட் பிறந்தது இதிலிருந்துதான் என்பார். "வெடின்னா எங்கேயோ இருந்து வருதுன்னு நெனைக்காதீங்க பிள்ளைகளா. எல்லாம் நம்ம வீட்டுல கெடக்கதுதான்." தமிழில் தடுமாறும் பிள்ளைகள்கூட இதை வீட்டில் போய் அப்படியே ஒப்பித்தார்கள். பலகை நிறையச் சமன்பாடு எழுதிய என் வகுப்பில் கொட்டாவி விட்டார்கள்.

அறிவியல் கண்காட்சியில் தொடக்க உரை எனக்குத்தான் என்று நினைத்து இரண்டு வாரம் எழுதி வைத்திருந்தேன். தலைமையாசிரியர் அவரை அழைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் சுவர் உப்பைக் காட்டி, வெடிமருந்தில் சேரும் வெடியுப்பு இதுதான் என்றதும் எழுந்து நின்றேன். "டீச்சர், எல்லாச் சுவர் உப்பும் வெடியுப்பு இல்ல. தணல்ல போட்டுக் காட்டுங்க." வெடியுப்பாக இருந்தால் பொறி பறக்கும். கரி இஸ்திரிப் பெட்டியையே கொண்டுவந்து, அதன் தணலில் உப்பைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

"சார் சொல்லுதது சரிதான்," என்று சிரித்தார் அவர். "எங்க வீட்டுச் செவரு வெடிக்காதுல்லா, இனி தைரியமா ஆணி அடிக்கலாம்." கூட்டம் கைதட்டியது, அவருக்கு. மாலையில் என் மேஜைக்கு வந்து, "நெசமான வெடியுப்பு எங்க கெடைக்கும், சார்?" என்று கேட்டார். பழைய மாட்டுத் தொழுவத்து மண்ணில் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

அவர் மந்திர் மார்க் பள்ளிக்கு மாற்றலாகிப் போன மறுவாரமே நான் ஒரு கிளிசரின் பாட்டில் வாங்கினேன். அவர் தொடங்கியபடியே பாடத்தைத் தொடங்கினேன். அதன்பின் என் வகுப்பில் யாரும் கொட்டாவி விடவில்லை. எங்கிருந்து எடுத்தேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்தான்.

இரங்கல் கூட்டத்தில் என் பழைய மாணவி ஒருத்தி, "சார், உங்க கிளிசரின் பாடம் இன்னும் ஞாபகம் இருக்கு," என்றாள். மாலை போட்ட அவர் படத்துக்கு முன்னாலேயே நான் தலையாட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களே, அந்தப் பாடம் எஸ்தர் டீச்சருடையது. பாட்டிலை அவர் மகளிடம் கொடுத்துவிட்டேன். பொறாமை மட்டும்தான் என் சொந்தச் சரக்கு. அது என்னிடமே இருக்கிறது.