ரொட்டிக்காரர் படம்

இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. என் பேரன் செல்போனை அதன் மேலே நீட்டி, சட்னிக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் படம் பிடிக்கிறான். "தின்னுட்டு எடுடா" என்றேன். "தின்னுட்டா எதத் தாத்தா எடுக்குறது?" என்கிறான். நியாயம்தான். சோறு தண்ணி மறந்து படம் எடுத்து அலைந்த நான் அவனைச் சொல்ல முடியுமா?

எண்பதுகளின் தொடக்கத்தில் உடையார்பாளையத்திலிருந்து துபாய்க்குக் கொத்து வேலைக்குப் போனேன். படிப்பு எட்டாவதோடு சரி. பெட்டி மூடியின் உட்புறம் கல்லங்குறிச்சிப் பெருமாள் படத்தை ஒட்டியிருந்தேன். காலையில் மூடியைத் திறந்தால் எனக்குக் கோயில் நடை திறந்த மாதிரி. அறையில் இருந்த மலையாளி ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பழைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை லீவு வந்தால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கூட வேலை செய்தவர்கள் எஞ்சினியர் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் அது அவர்கள் கார் ஆகிவிடும். எனக்கு அது கூச்சம். நான் தெருவை எடுத்தேன். கண்ணாடிக் கட்டடம், அதன் நிழலில் அசைபோடும் ஆடுகள். கப்பல் மாதிரி ஒரு கார், அதன் பக்கத்தில் தலையில் ரொட்டித் தட்டோடு தெருவைக் கடக்க நிற்கும் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர். நெஞ்சுவரை கருகருவென்று தாடி. எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பினேன். ஒன்றிலும் நான் இல்லை. கேமராவைப் பிடித்திருப்பவன் எப்படி வருவான்? எங்கள் கல்யாணத்திலும் போட்டோ எடுக்கவில்லை.

நான் போகும்போது மகன் கொளஞ்சி கைக்குழந்தை. திரும்பி வந்து பெட்டியோடு வாசலில் நின்றால், கால்சட்டை போட்ட ஒருவன் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிகிறான்.

"அப்பா வந்துட்டாங்க பாருடா."

"இது இல்ல. எங்கப்பாவுக்குத் தாடி இருக்கும்."

சுவரில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த ரொட்டிக்காரரைக் காட்டினான். என் மனைவி தலை குனிந்துகொண்டாள்.

"அப்பா எதும்மான்னு ஒரே அழுவ. இவனே அவரக் காட்டி இதான்னான். தூங்குனாப் போதும்னு சரின்னுட்டேங்க."

"அதுக்குப் பட்டாணியருதானா கெடச்சாரு?"

"பின்ன, அந்த ஆட்டக் காட்டச் சொல்றீங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனால் மிட்டாய் கொடுத்தால், "மாமா குடுத்தாரு" என்று அம்மாவிடம் ஓடினான். லீவு கரைந்துகொண்டிருந்தது. இப்படியே திரும்பிப் போனால் பிள்ளைக்கு நான் என்றைக்கும் மாமாதான். பெருமாளிடம் சொல்லிவிட்டு, சவரம் செய்வதை நிறுத்தினேன்.

"என்ன, வேண்டுதலா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க" என்றேன். பொய்யில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொளஞ்சி வந்து என் தாடையைத் தடவினான். போய்ச் சுவரைப் பார்த்தான். திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் வரணும்" என்றான். சொல்லிவிட்டு மடியில் உட்கார்ந்துகொண்டான்.

லீவு முடியும் முன் கொளஞ்சியையும் கூட்டிக்கொண்டு கல்லங்குறிச்சிக்குப் போய்த் தாடியை எடுத்தேன். வழித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிடித்திருந்த என் விரலை விடவில்லை.

அந்தத் தெரு இப்போது இல்லையாம், எல்லாம் மாடிக் கட்டடம் என்கிறார்கள். படமும் சிவந்து வெளுத்து, முகமே தெரியவில்லை. நான் இல்லாத காலத்தில் என் வீட்டில் அப்பாவாக இருந்தவர். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஊரில் அவர் பிள்ளை யாரைக் காட்டி அப்பா என்றதோ.