கத்தியால் நறுக்கிய பேரிக்காய்

பேரிக்காயைக் கடித்துத் தின்பது அநாகரிகம் என்று பத்து வயது வரை நான் உறுதியாக நம்பியிருந்தேன். எங்கள் அம்மா ஒருநாளும் அதைக் கடித்ததில்லை. கத்தியால் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாக வாயில் வைத்து, அவசரமில்லாமல் மெல்லுவாள். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்த பிறகுதான் தொடுவாள். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கந்தப்பளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மற்றப் பெண்களெல்லாம் மலை அதிரச் சிரிப்பவர்கள். அவர்களுக்கு நடுவே அம்மாவின் இந்த அடக்கம் எனக்குப் பெரிய கௌரவமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் நானும் வாயைப் பொத்திச் சிரித்தேன். ரொட்டியை நனைத்துத் தின்றேன். கத்தி இல்லாத குறைக்குக் கோடு போடும் அடிமட்டத்தால் பேரிக்காயை நறுக்கப் போய் அடிமட்டத்தை உடைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் பற்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பனியிலும் மழையிலும் வெற்றிலைதான் துணை. அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு வாய் சிவந்தும் பல் கறுத்தும் இருக்கும். அம்மா வெற்றிலையைத் தொடவே மாட்டாள். அவளுடைய பல்வரிசை வளைவு நெளிவில்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

பல் விஷயத்தில் எங்கள் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அடுப்படிச் சுவரில் மூன்று ஆணிகள், அப்பாவுக்கு, எனக்கு, தம்பிக்கு என்று மூன்று பிரஷ்கள். ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது. அம்மாவின் பிரஷ் எங்கே இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. நாங்கள் கண் விழிக்கும் முன்பே அவள் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் முகம் கழுவி வந்திருப்பாள். பீலித் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் என்று எங்களுக்கு மட்டும் அடுப்பிலிருந்து சுடுதண்ணீர் கலந்து வைப்பாள். பற்பசைக் குழாய் அவள் கையில்தான் இருக்கும். பட்டாணி அளவுக்கு மேல் ஒரு பொட்டு வராது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி துலக்க வேண்டும், அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. தம்பிக்கு ஐந்து வயது. அவன் தலையை மடியில் சாய்த்துவைத்து அவளே துலக்கிவிடுவாள். கரியும் விரலுமாக வளர்ந்த அப்பா இரண்டு வாரம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுச் சரணடைந்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் எங்களை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, "ஈ காட்டு" என்பாள். கடைவாய்ப் பல் வரை பார்த்த பிறகே கூடையை எடுப்பாள். பக்கத்து லயத்தில் எங்களுக்குப் பல்லு வெளக்குற வீடு என்றே பெயர்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் வகுப்பு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் வீட்டு நல்ல பழக்கம் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். நான் இரண்டு பக்கத்துக்கு அம்மாவின் பல்லைப் பற்றி எழுதித் தள்ளினேன். அம்மா வெற்றிலை போட மாட்டார், காலையும் இரவும் பல் துலக்குவார், ஆகையால் அவருடைய பற்கள் முத்துப் போல இருக்கின்றன என்று முடித்திருந்தேன். டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அடுத்த வாரம் டவுனிலிருந்து பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் பல்லு மிஸ் வரப்போவதாகவும், இந்த முறை பிள்ளைகளோடு அம்மாமாரையும் பார்ப்பார் என்றும், பல்லை நன்றாக வைத்திருக்கும் அம்மாவுக்கு சூடு ஆறாமல் வைக்கும் ஒரு நீலநிறச் சுடுதண்ணிப் போத்தல் பரிசு என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மட அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

அன்று பின்னேரமே நான் வீட்டுத் தட்டில் சீனி டின்னை ஒதுக்கிப் போத்தலுக்கு இடம் போட்டுவிட்டேன். அம்மாவோ சந்தோஷப்படவில்லை. மலையில் கொழுந்து கூடிக் கிடக்கிறது, லீவு தர மாட்டார்கள் என்றாள். நான் அழுதேன். நீ வராவிட்டால் இனிப் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்று சாப்பிடாமல் முரண்டு பிடித்தேன். மூன்றாம் நாள் அப்பா அடுப்படியில் குனிந்து மெதுவாக, "போயிட்டு வா. பாத்தா யாருக்கும் தெரியாது" என்று அவளிடம் சொன்னது காதில் விழுந்தது. தீபாவளிச் சேலையின் ஓரத்தில் இருந்த ஒட்டுத் தையலைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அம்மா வந்தாள். மண்டபத்தில் அம்மாமார் எல்லாரும் வாயை அலசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து லயத்து அத்தை அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வாய்ச்ச பல்லு அப்புடி. நாங்க எவ்வளவு தேச்சாலும் வருமா?" என்றாள். அது சாமி கொடுத்தது, பிரஷும் பசையும் வீண் வேலை என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா வழக்கம்போல் வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. என் கண் மேசைமேல் இருந்த நீலப் போத்தலில் இருந்தது.

பல்லு மிஸ் அம்மாவை ஜன்னலோரக் கதிரையில் உட்காரவைத்து டோர்ச் அடித்தார். வெளிச்சம் ஒரு இடத்தில் அப்படியே நின்றது. பிறகு அவர் குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அவர் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். பரவாயில்லை அக்கா, நல்லது என்று எழுதி அனுப்பிவிடுகிறேன், யாருக்கும் தெரியவேண்டாம் என்றாராம். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

கதிரையிலிருந்து எழுந்து, "டீச்சர், இது ஏம் பல்லு இல்லீங்க" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி, முகம் துடைக்கும் லேஞ்சியால் வாயை மூடினாள். மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது இரண்டு வரிசைப் பல்லும் லேஞ்சியில் இருந்தன. கன்னம் ஒடுங்கி, வாய் உள்ளே போய், அது வேறு யாரோ ஒரு கிழவியின் முகமாக இருந்தது. அம்மா அந்த முகத்தோடு பக்கத்து லயத்து அத்தையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பதினாலு வயசுல மலைக்குப் போயி வெத்தில பழகுனேன். வலிச்சா கிராம்ப வச்சு அமுக்குவேன். ஒரு நாளும் ஒழுங்கா வெளக்குனதில்ல, ஒரு நாளும் டொக்டர்கிட்ட காட்டுனதில்ல. இருவத்தாறு வயசுல மொத்தமும் போச்சு. வாய்ச்ச பல்லுன்னு ஒன்னும் இல்லக்கா. எம் புள்ளைங்க வாயப் பாருங்க."

பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். என் உயிர்ச் சிநேகிதி என் காதுக்குள், செட்டுப் பல்லு என்றாள். என் இரண்டு பக்கக் கட்டுரையும் ஒவ்வொரு வரியாக எனக்கு ஞாபகம் வந்தது. பல்லு மிஸ் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு வெகு நேரம் பார்த்தார், சின்னக் கண்ணாடியைக் கடைவாய் வரை விட்டுப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்னதை டீச்சர் உரக்கத் தமிழில் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சொத்தைகூட இல்லை, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. நீலப் போத்தல் கடைக்கார வீட்டு அம்மாவுக்குப் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவை மறுபடி பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு பசை, எத்தனை தடவை, பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வாய் என்று பக்கத்து லயத்து அத்தை துருவித் துருவிக் கேட்டாள். கேலி செய்கிறாள் என்றே நான் நினைத்தேன்.

வீடு திரும்பும்போது அம்மா பல்லைப் போட்டுக்கொள்ளவில்லை. லேஞ்சியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒருவரையும் விடவில்லை. விறகு கொண்டு வந்த மாமாவை நிறுத்தினாள், கொழுந்து லொறிக்காரரை நிறுத்தினாள். "ரெண்டு பேருக்கும் ஒரு ஓட்ட கூட இல்லையாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கையால் பொத்தாமல், வாயைத் திறந்து, பொக்கையாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான். இருபது அடி பின்னால், இவள் யாரோ நான் யாரோ என்பதுபோல நான் நடந்துகொண்டிருந்தேன். இன்று எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, ஒரு பல் ஆடவில்லை. ஹட்டனில் என் பிள்ளைகளைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போகும் ஒவ்வொரு தடவையும், அன்று அவளுக்குப் பக்கத்தில் கைகோத்து நடந்திருக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த மண்டபத்தில் அவளைப்போல எழுந்து நிற்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

லயத்துக்குத் திரும்பும் முடக்கில் ஒரு பேரி மரம் நின்றது. அம்மா ஒரு காயைப் பறித்து, சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கத்தி இல்லை என்றேன்.

"கத்தி எனக்குத்தான்டி. நீ கடி."

இருந்த கோபம் எல்லாவற்றையும் சேர்த்துக் கடித்தேன். கடக்கென்று பெரிய சத்தம் கேட்டது. அம்மா நடையை நிறுத்திவிட்டாள்.

"இன்னொருக்கா கடி" என்றாள்.

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்ததற்குத் தண்டனை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே கடித்தேன். அவள் இன்னும் ஒருக்கா என்றாள், நான் இன்னும் ஒருக்கா கடித்தேன். விதை வரைக்கும் அந்தக் காயைத் தின்று முடித்தேன். பனி இறங்கிய அந்த முடக்கில், பொக்கை வாயில் சிரிப்போடு, கடைசிக் கடி வரைக்கும் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.