பாம்பனில் பலகை ஏறிய கதை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாம்பன் பாலத்தைத் தாண்டிய கடற்கரையில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ராமநாதபுரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். கடலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்ததோடு சரி.

என் மனைவி என் தாய்மாமன் மகள்தான், அதே ஊர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பையன் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு, சாயங்காலம் ஆனால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். பனிமலையில் பலகை மேல் நின்று சறுக்குகிறவர்களின் வீடியோவாகத் தேடித்தேடிப் பார்ப்பாள். ஒருநாள், "நானும் இதப் பழகணும் மச்சான்" என்றாள்.

"நம்ம மாவட்டத்துல வெள்ளையாக் குமிஞ்சு கெடக்குறது உப்பு மட்டும்தான். வேணும்னா அதுல சறுக்கு" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. பனிக்குப் பதிலாகத் தண்ணீரில், பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று போகிற விளையாட்டு ஒன்றைப் பாம்பன் பக்கம் சொல்லித்தருகிறார்கள் என்று கொஞ்ச நாளில் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நேராக வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை. "மொதல்ல நான் ஏறிப் பாக்குறேன். எனக்குச் சரின்னு பட்டா நீ ஏறு" என்றேன். ஏறி இறங்கிவிட்டு, சரிப்படாது என்று சொல்லி அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்பது என் திட்டம். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சம்மதித்தாள்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு தூத்துக்குடிக்காரத் தம்பி. காலை முழுக்கக் கரையில்தான் பாடம். பட்டத்திலிருந்து வரும் கயிறுகள் எல்லாம் ஒரு கைப்பிடியில் வந்து சேரும். அதை நம் பக்கம் இழுத்தால் பட்டம் வேகம் பிடிக்கும். கையை விட்டுவிட்டால் வலுவிழந்து விழுந்துவிடும். இடுப்பு வாரோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் எங்கேயும் பறந்து போய்விடாது. "பயம் வந்தா ஒண்ணே ஒண்ணுதான் சார், ரெண்டு கையையும் விட்ருங்க" என்று அந்தத் தம்பி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

மத்தியானம் தண்ணீரில் இறங்கினோம். பலகையில் காலை மாட்டுவதற்குள்ளேயே மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. உட்கார்ந்தபடியே பட்டத்தைச் சாய்த்து, அது இழுக்கும்போது எழ வேண்டும். சீக்கிரம் எழுந்தால் குப்புற விழுந்தேன், தாமதித்தால் மல்லாந்து விழுந்தேன். என் மனைவி கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை மட்டும் எப்படியோ நின்றுவிட்டேன். பலகைக்குக் கீழே தண்ணீர் சரசரவென்று ஓடியது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து என்னைக் கவிழ்த்து இழுத்தது. பலகை காலைவிட்டுக் கழன்றுபோனது. "கைய விடுங்க சார், விடுங்க" என்று அந்தத் தம்பி பின்னால் ஓடி வந்து கத்துவது தெளிவாகக் கேட்டது. என் கை விடவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்கி நெஞ்சோடு சேர்த்து இழுத்தது. இழுக்க இழுக்கப் பட்டம் இன்னும் வேகமாக ஓடியது. எதிரே நாட்டுப்படகுகள் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றன. இப்படியே போய் மோதினால் கழுத்து முறியும் என்று தெரிந்தது. தெரிந்தும் கை திறக்கவில்லை.

மஞ்சுவிரட்டுக் காளை வளர்த்த வீடு எங்களுடையது. மீசை முளைக்கும் முன்பே ஆண்பிள்ளைகள் கையில் மாட்டுக் கயிறு வந்துவிடும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, குளிப்பாட்டக் கொண்டுபோன காளை மிரண்டு ஓட, பிடித்திருந்தவர் பயந்து கயிற்றை விட்டுவிட்டார். எதிரே குடத்தோடு வந்த ஓர் அம்மாவின் இடுப்பு எலும்பு போனது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில், உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தாலும் ஒருவரும் கயிற்றை விட்டது கிடையாது. முன்னால் ஆள் இருப்பார்களே என்பதுதான் காரணம்.

இது தெரிந்தவள் அந்தக் கடற்கரையில் என் மனைவி மட்டும்தான். அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்திருக்கிறாள். காற்று அவள் பக்கமிருந்து வீசியதால் அவள் குரல் எனக்குப் பக்கத்தில் கேட்டது.

"மச்சான், முன்னாடி ஆளு யாரும் இல்ல. அங்கன ஒருத்தரும் இல்ல. விடுங்க."

கை திறந்துவிட்டது. நானாக விட்டேன் என்று சொல்ல முடியாது. பட்டம் நனைந்த வேட்டி மாதிரித் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. முதல் படகின் நங்கூரக் கயிறு என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து நின்றால் தண்ணீர் தொடை வரைக்கும்தான் இருந்தது.

கரைக்கு வந்து உட்கார்ந்தேன். அப்போது நான் சரிப்படாது என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கரை சேர்த்தவளிடம் நீ ஏறாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

உடை மாற்றிக்கொண்டு இறங்கினாள். அவளும் விழுந்தாள், என்னைவிட அதிகமாகவே விழுந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் படுவதற்கு முன்பே இரண்டு கையும் விரிந்திருந்தன. திரும்பும் வழியில், உனக்கு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டேன். "எங்க கையில எப்ப மாட்டுக் கயித்தக் குடுத்தீங்க? பழகாத கை, சொன்னாக் கேக்குது" என்றாள்.

இப்போது ஆடிக் காற்று வந்தால் அவள் கரையை விட்டு வெகுதூரம் போய்த் திரும்புகிறாள். பட்டத்தின் விளிம்பில் இருக்கும் ரப்பர் குழாய்க்குப் பம்பால் காற்று அடித்துக்கொடுப்பது என் வேலை. நானும் கொஞ்சம் நிற்கப் பழகிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தத் தம்பி சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றுதான், அவள் சொன்னது மட்டும் ஏன் கைக்குக் கேட்டது என்று அடிக்கடி யோசிப்பேன். அலுவலகத்திலோ வீட்டிலோ யாராவது ஒன்றை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றால், விடு என்று சொல்ல நான் இப்போது அவசரப்படுவதில்லை. முன்னால் யார் நிற்கிறார்கள் என்று நினைத்து இவர் பயப்படுகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.