லிஃப்ட்காரரின் காந்தப் பர்ஸ்

லிஃப்ட்காரர் எதைத் தொலைத்தாலும் போனை மட்டும் தொலைக்க மாட்டார். அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் அவர் மகளும் நானும் பர்ஸ் வாங்கக் கிளம்பினோம்.

அவர் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியிருந்தது, ஆனால் அது அவருக்குத் தெரியாது. மறதி நோய் வந்தவர்களுக்கு நேற்று போய்விடும், முப்பது வருஷம் முந்தையது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கேயோ இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்று, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் தனக்குத்தான் அழைப்பு வரும் என்று அவர் நம்பினார். அதனால் குளிக்கப் போனாலும் போன் கூடவே வரும். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றும்போதும் ஒரு கண்ணை அதன் மேல் வைத்திருப்பார்.

மற்றதெல்லாம் தொலைந்தது. பேங்க் கார்டு செருப்பு அலமாரியில் கிடைத்தது. அடையாள அட்டை கிடைக்கவே இல்லை, புதிது எடுக்க வேண்டியதாயிற்று. கட்டடத்தின் வாசல் கதவைத் திறக்கும் கார்டு தொலைந்த அன்று, அவர் உள்ளே வர முடியாமல் நடந்து நடந்து, வேறொரு கட்டடத்தின் அடித்தளத்தில் போய் இருட்டும்வரை நின்றிருந்தார். போன் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை மகள் வைத்திருந்தாள்தான். அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. லிஃப்ட்காரருக்கு அடித்தளம் என்றால் வீடு மாதிரி.

நான் அவரைக் கவனித்துக்கொள்ள வரும் நர்ஸ். காலையில் வருவேன். குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, மதியச் சாப்பாட்டை மேஜையில் வைத்து மூடிவிட்டுக் கிளம்பிவிடுவேன். மகள் விமான நிலையத்தில், காணாமல் போன பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் திரும்பும்வரை பிற்பகல் முழுவதும் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். சும்மா இருக்க மாட்டார். கீழே இறங்கி, எதிரில் இருந்த ஏழு மாடிக் கடைக் கட்டடத்துக்குப் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவார். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம். கூட ஆள் போனால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

"ஊர் பெட்டியெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிறேன் சிஸ்டர். எங்கப்பாவோட கார்டைக் கண்டுபிடிக்க முடியல," என்றாள் மகள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா காப்பகத்துல விடுறதைத் தவிர வேற வழியில்ல. அங்க இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "யாரை விடப் போறே பாப்பா?"

"யாரையும் இல்லப்பா."

"காப்பகத்து லிஃப்ட் பழசு. கதவு சரியா மூடாது. யாரையும் விடாதே."

அவர் அந்தக் காப்பகத்தில் எப்போதோ வேலை செய்திருக்கிறார். உள்ளே போனவர்கள் தனியாக வெளியே வர முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். எதையெல்லாமோ மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை.

கார்டைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிவிட்டுப் பார்த்தோம். பிடுங்கி எறிந்தார். சுழல்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகிறவன் கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது. மணிக்கட்டில் வளையம் போட்டோம். மின்சாரத்தில் கை வைக்கிறவன் வளையம் போடக் கூடாது. சட்டைப் பையில் வைத்தோம். எடுத்து மேஜையில் அடுக்கினார். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் பை காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அவர் உயிரோடு வீடு திரும்பக் காரணமாக இருந்த விதி. சண்டை போட்டுப் பயனில்லை. போன் ஒன்றைத்தான் அவர் கை ஏற்றுக்கொண்டது. கார்டுகளைப் போனோடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தோம்.

மூவருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் காந்தப் பர்ஸ்களை வரிசையாக எடுத்துப் போட்டார்.

"எத்தனை கார்டு வைப்பாரு?"

"மூணு," என்றாள் மகள். "வாசல் கதவு, பேங்க், அடையாள அட்டை."

"ஆறு கார்டு புடிக்கிறது இருக்கு மேடம்."

"வேணாம்," என்றேன். "இடம் இருந்தா பஸ் டிக்கெட், மாத்திரை அட்டைன்னு குப்பையெல்லாம் திணிச்சு வெப்பாரு. மூணுக்கு மேல போகாதது குடுங்க."

தோல் பர்ஸ் ஒன்று பார்க்க அழகாக இருந்தது. போனில் வைத்து உதறினேன், விழுந்தது. இன்னொன்றின் பின்பக்கம் மடித்து நிறுத்தும் கால் இருந்தது. போனை மேஜையில் நிற்க வைத்துப் படம் பார்க்கலாமாம்.

"மடக்கறது, திருப்பறது எதுவும் வேணாம்," என்றாள் மகள். "ராத்திரிக்குள்ள பார்ட் பார்ட்டா கழட்டி வெச்சிடுவாரு."

"கழட்டுனா மாட்டவும் தெரியும்," என்றார் லிஃப்ட்காரர், சுவரைப் பார்த்தபடி.

எனக்கு முக்கியமாக இருந்தது பின்பக்க ஓட்டை. அவர் விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. இறுக்கமான பர்ஸிலிருந்து கார்டை மேலிருந்து இழுக்க வராது. பின்னால் ஓட்டை இருந்தால் கட்டைவிரலால் தள்ளலாம். ஆனால் அதற்குப் பர்ஸைப் போனிலிருந்து பிரித்தாக வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் பிரிக்கணுமா?" என்று மகள் யோசித்தாள்.

"எப்படியும் பிரிக்கணும் மேடம்," என்றார் கடைக்காரர். "போனோட சேர்த்துக் காட்டினா வாசல்ல இருக்கிற மெஷின் சில சமயம் கார்டைப் படிக்காது. பிரிச்சுக் காட்டிட்டுத் திரும்ப வெச்சாப் போதும். அதுவே போய் ஒட்டிக்கும். இதோ இதுதான் இருக்கிறதிலேயே வலுவான காந்தம். புடிச்சா உடும்பு."

சாம்பல் நிறப் பர்ஸ். போனில் வைத்துத் தலைகீழாக உதறினேன். அசையவில்லை. மகளும் உதறினாள். அப்போதுதான் லிஃப்ட்காரர் அதை எங்கள் கையிலிருந்து வாங்கினார். பிரித்தார், எடை பார்த்தார், கடையின் இரும்பு அலமாரியில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. எடுத்தார், வைத்தார், இழுத்துப் பார்த்தார். வெகு நாள் கழித்து அவர் முகத்தில் வெளிச்சம்.

"நல்ல பீஸு, சூப்பர்வைசர்." என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். குளிக்கச் சொல்லி விரட்டுகிறவள் வேறு யாராக இருக்க முடியும்? "இதை விடாதீங்க. வாங்கிப் போடுங்க."

"அப்பாவுக்கே புடிச்சிடுச்சு," என்று மகள் சிரித்தாள். நானும் கடைக்காரரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கினேன். மறதி நோயாளிக்குப் புதிதாக எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அதே இடம், அதே வரிசை, அதே சொற்கள். வாசலில் நிறுத்தி, பிரிங்க, காட்டுங்க, போன்ல வைங்க என்று தினமும் சொன்னேன். அவர் கை கற்றுக்கொண்டது. வெளியே போனார், வந்தார், கதவைத் தானே திறந்தார். மகள் காப்பகத்துக்குப் போன் போட்டு இப்போதைக்கு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் வேலையிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதை அந்த வாரம்தான் பார்த்தேன்.

பிறகு ஒரு காலை பர்ஸ் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. சரி, வீட்டுக்குள்தானே என்று எடுத்துப் போனில் வைத்தேன். அடுத்து வாசல் கதவின் இரும்புச் சட்டத்தில் இருந்தது. அதற்கடுத்து கீழே தபால் பெட்டிகளின் மேல். மேல்மாடிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். "லிஃப்ட்காரரே, உங்க பர்ஸு தனக்கு லெட்டர் வரும்னு காத்துக்கிட்டு இருந்துச்சு," என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவரை உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன் போன்ல வைக்காம கண்ட இடத்துல ஒட்டறீங்க?"

"ரெண்டு கையும் வேணுமே."

"எதுக்கு?"

"வேலைக்கு." இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தார். "லிஃப்ட் கூண்டு மேல நிக்கறப்ப நட்டு, போல்ட்டு எல்லாத்தையும் காந்தத்துல புடிச்சு சுவத்து இரும்புல ஒட்டிடணும். பையில வெச்சா குனியறப்ப குழியில போயிடும். கீழ ஆள் நின்னா மண்டை போயிடும். சூப்பர்வைசர்னு பேரு, இது தெரியல."

"சரி. அப்புறம் திரும்ப எடுத்துக்கணும்ல?"

"வேலை முடிஞ்சதும் எடுத்துப்பேன்."

"எடுக்கலியே."

"வேலை முடியலியே," என்றார்.

மகளிடம் சொன்னேன். மறுபடி கடைக்குப் போனாள். பசையால் ஒட்டும் பை வாங்கி வந்தாள். மெஷின்மேல் பசையா என்று சமையலறைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். வலுக்குறைந்த காந்தம் வாங்கினாள். அது படிக்கட்டில் விழுந்தது, எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். வலுவான காந்தம் போனை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு சுவரையும் பிடிக்கும். வலுவில்லாதது இரண்டிலும் நிற்காது. கடைக்காரர் இதற்கு மேல் தன்னிடம் சரக்கில்லை என்றுவிட்டார். சாம்பல் பர்ஸே திரும்ப வந்தது.

அது நடந்தது மகளின் விடுமுறை நாளில். காலையிலேயே அவர் கீழே போயிருந்தார். நான் கிளம்பச் செருப்பு மாட்டும்போதும் திரும்பவில்லை. மகள் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். எனக்கும் கேட்கும்படி அவள் ஒலியைக் கூட்டினாள்.

"எந்த மாடி?" என்றார்.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க?"

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? குழந்தைங்க உண்டா?"

"அப்பா, நான்தாம்ப்பா."

"பயப்படாதீங்கம்மா. கதவைத் தொடாதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. கீழ உக்காந்துக்கங்க."

அவள் உண்மையிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, பாப்பா பேசறேன்."

"ஆள் வந்துக்கிட்டே இருக்கு. போனை வெச்சுடாதீங்க."

நடுவில் வேறொரு குரல் கேட்டது. யாரோ போனைப் பிடுங்கினார்கள். "ஹலோ, யாருங்க இவரு? லிஃப்டுல யாரையும் ஏற விடாம மறிச்சுக்கிட்டு நிக்கறாரு. கேட்டா மெக்கானிக்குங்கறாரு, கையில ஒரு அட்டையும் இல்ல. ஜனமெல்லாம் கத்துது. போலீஸைக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

எதிர்க் கட்டடத்தின் புதுக் காவலாளி. பழையவருக்கு இவரைத் தெரியும், ஆனால் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஓடினோம். நான் ஓடவில்லை, என் வயசுக்கு அது நடைதான். தரைத்தளத்தில் லிஃப்ட்காரர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, மூடிய லிஃப்ட் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். யாரையும் ஏறவிடவில்லை. காவலாளி தோளைப் பிடித்து இழுத்ததில் சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது. மகளைப் பார்த்தார். அவளையும் தடுத்தார்.

"ஏறாதீங்கம்மா. உள்ள ஆள் மாட்டியிருக்கு. ஒரு பொண்ணு. இப்பதான் பேசினேன்."

"இந்த ஆளுக்கு வீடு இல்லையா?" என்றார் காவலாளி.

"இருக்கு," என்றாள் மகள்.

நான் அவர் கையைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துப் போனேன். அந்தப் பொண்ணை வெளியே எடுத்தாச்சு என்று சொன்னேன். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்லலாம். கோபப்படுகிற நோயாளியைத் திருத்தக் கூடாது, அமைதிப்படுத்த வேண்டும். கேட்டதும் அவர் தோள் தளர்ந்தது.

பர்ஸைக் காணவில்லை. மகள் லிஃப்டில் ஏறினாள். பொத்தான்களுக்குப் பக்கத்தில், எஃகுத் தகட்டில், சரியாக அவர் கண் உயரத்தில் அது ஒட்டியிருந்தது. காலையிலிருந்து ஏழு மாடியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நகத்தை விட்டு நெம்பித்தான் எடுக்க முடிந்தது. மூன்று கார்டும் உள்ளே பத்திரமாக இருந்தன.

"கடைக்காரர் பொய் சொல்லல சிஸ்டர்," என்றாள். அன்று சாயங்காலம் காப்பகத்துக்குப் போன் போட்டாள். இடம் இருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டில் காலியாகும்.

கொண்டுபோய் விடும்போது நானும் போனேன். உடைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கியதும் நான்தான். லிஃப்டில் மேலே போகையில் கதவு இழுத்துக்கொண்டு மூடியது. "பார்த்தீங்களா? அப்பவே சொன்னேன்," என்றார். அவர் சொன்னது சரி.

அங்கே கதவுகளை ஊழியர்கள்தான் திறப்பார்கள், கார்டு தேவையில்லை. மகள் மூன்று கார்டுகளையும் எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். காலிப் பர்ஸை நான் போனின் முதுகில் வைத்துக் கொடுத்தேன். ஒரு பொருளாவது பழகியதாக இருந்தால் முதல் இரவு தூங்குவார்கள்.

இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பர்ஸைப் பிரித்துத் தலைமாட்டுக் கம்பியில் ஒட்டினார். போனை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க சூப்பர்வைசர். எங்க கோளாறு?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாப்பாடு வரும், சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு நான் வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் பக்கம் போனபோது இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். முதல் முறை என்னைத் தெரிந்தது. இரண்டாம் முறை எந்த மாடி என்று கேட்டார். பர்ஸ் தலைமாட்டுக் கம்பியில் வைத்த இடத்திலேயே இருந்தது. அங்கே அது ஒரு தடவைகூடத் தொலையவில்லை.