தூக்கும் இடம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் குண்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே விதவிதமாகக் கேட்ட பேர்தான். எந்த வயதில் அது வலிக்காமல் போனது என்று அவளுக்கே நினைவில்லை. ஈர விரிப்புகளை உதறிச் சூடான தேய்ப்பு உருளைகளுக்குள் நுழைப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவாள்.

எல்லா உடம்புக்கும் இடமுண்டு என்று ஒரு நவீன நடனக் குழு ஆள் தேடுவதைத் தங்கைதான் கண்டுபிடித்தாள்.

"தினமும் ஆடி வீட்டுத் தரையை ஏன் உடைக்கிறே? போய் மேடையை உடைச்சிட்டு வாக்கா."

போனாள். குழுவை நடத்திய அம்மா சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். விழவும் உருளவும் அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மற்றவர்கள் அவள் தோள்மீது ஏறினார்கள், இடுப்பில் தொற்றினார்கள். அவள் சுவர் மாதிரி நின்றாள்.

ஒருநாள் கேட்டுவிட்டாள். "மேடம், என்னை யாரும் தூக்க மாட்டாங்களா?"

"தாங்குறதுதாம்மா உன் பலமே" என்றார் அந்த அம்மா.

"தூக்கித்தான் பாப்போமே" என்றான் ஈர்க்குச்சி. குழுவிலேயே ஒல்லியானவன். நாலைந்து பேர் சேர்ந்து தூக்கினார்கள். யாருக்கோ கை நழுவியது. பயிற்சிப் பாயைத் தாண்டி, வெறுந்தரையில் விழுந்தாள். முதுகு கன்றிப்போயிருந்ததை மருந்து தடவும்போது தங்கைதான் பார்த்தாள்.

"வலிக்கலையாக்கா?"

"தெரியல."

இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று அந்த அம்மா முடித்துவிட்டார். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். ஈர்க்குச்சிதான் விடவில்லை. மதிய இடைவேளையில் சலவைக்கூடத்துக்கே வந்து நின்றான்.

"கையால தூக்கினது தப்புக்கா. முதுகால தூக்கணும். என் மேல சாயுங்க."

முதுகோடு முதுகு ஒட்டிச் சாய்ந்தாள். அவன் முழங்கால் மடங்கி, இருவரும் அழுக்குத் துணி மூட்டைகள்மேல் போய் விழுந்தார்கள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிக்கிறானே என்று அவளும் சிரித்துவைத்தாள். பல மதியங்கள் போயின. கடைசியில் அவள் பாரம் அவன் இடுப்பு வழியாகக் கால்களுக்கு இறங்கும் இடம் பிடிபட்டது. செய்துகாட்டியபோது அந்த அம்மா இருவரையும் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "சரி, சேத்துக்கலாம்" என்றார்.

நிகழ்ச்சியன்று அவள் கால்கள் மேடையை விட்டு எழுந்தன. அந்த நேரத்தில் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. மேலே ஒரு விளக்கு எரியாமல் இருந்ததை மட்டும் கவனித்தாள். கீழே எங்கோ கைதட்டல் கேட்டது. முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து கையைப் பிடித்து அழுதாள்.

"உங்களைப் பாத்ததும் எனக்கே தைரியம் வந்துடுச்சுங்க."

"சரிங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தங்கை கேட்டாள். "மேல எப்படிக்கா இருந்துச்சு?"

"காத்து வந்துச்சு."

"அவ்வளவுதானா? பிடிக்கலைன்னா விட்டுடேன்."

அவள் அடுத்த பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்பே போய்ப் பாய்களை விரித்துவைத்தாள். ஈர்க்குச்சி ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை தூக்குப்பா" என்றாள்.