ஞானமுத்து திருப்பி அனுப்பிய சாட்சி

செவ்வாய்க்கிழமை பூந்தமல்லி நீதிமன்றத்தில் வாய்தாவுக்காகக் காத்திருந்தபோது ஞானமுத்துவின் மனைவி மேரி அக்காவின் அழைப்பு வந்தது. "அவரு போயிட்டாருப்பா" என்றார். வழக்கு கூப்பிட்டார்கள். எழுந்து போய் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வழக்கறிஞர் ஞானமுத்துவும் நானும் இருபது ஆண்டுகள் ஒரே அறையில் தொழில் செய்தோம். அவர் கிறிஸ்தவர், நான் பருத்திப்பட்டு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பத்தவன். சாப்பாட்டு வேளையில் இயேசு உயிர்த்தெழுந்ததைப் பற்றி அவரைக் குறுக்கு விசாரணை செய்வேன். "சுவிசேஷத்துல நாலு பேர் எழுதினது ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையே?" என்றால், "நாலும் ஒரே மாதிரி இருந்தா, சொல்லிக்குடுத்து கூட்டியாந்தாங்கன்னு நீயே கத்துவ" என்பார். காலியான கல்லறையை முதலில் கண்டதாகச் சொல்லப்படுபவர்கள் பெண்கள். அக்காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்பு குறைவு. "கதை கட்றவன் அவங்களையா மொதல்ல நிறுத்துவான்?" என்று கேட்பார்.

"அவங்க நம்புனாங்கன்றதுக்குத்தான் இது ஆதாரம். நடந்துச்சுன்றதுக்கு இல்ல" என்றேன் ஒருநாள். கொஞ்சம் யோசித்து, "கரெக்ட்டு. அதுக்கு மேல நம்பிக்கைதான்" என்றார்.

பிறகு டேவிட் போனான். அவருடைய ஒரே மகன். முத்தாபுதுப்பேட்டை அருகே லாரி மோதி, சாலையிலேயே உயிர் பிரிந்தது. நேரில் பார்த்தவர் யாருமில்லை. வழக்கு நிற்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்போது டீக்கடைக்காரர் ஏகாம்பரம் எங்கள் அறைக்கு வந்தார். "லாரி ராங் சைடுல வந்துச்சு, நான் பாத்துக்கினு இருந்தேன்னு சொல்றேன் சார்."

"பாத்தியா?"

"பாக்கல. ஆனா புள்ள நல்ல புள்ள சார்."

ஞானமுத்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "வேணாம், ஊட்டுக்குப் போ" என்றார்.

ஓட்டுநர் விடுதலையானான். தீர்ப்பு நாளில் நான் கத்தினேன்: "இன்னா மனுஷன்யா நீ? பெத்த புள்ளைக்கு இது கூட செய்யமாட்டியா?"

"பொய் சாட்சி வெச்சு எம்புள்ள கேஸை ஜெயிச்சுட்டு, கல்லறைக்குப் போன அந்தப் பொம்பளைங்க பொய் சொல்லலன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். மேரி அக்கா அவரோடு பல மாதங்கள் பேசவில்லை. அது நியாயம் என்றே ஞானமுத்து எண்ணினார்.

கடைசியாகப் பார்த்தபோது புற்றுநோய் அவரை எலும்பாக்கியிருந்தது. "டேவிடைப் பாப்பியா?" என்று கேட்டேன். "பாப்பேன்னு நம்புறேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "பயமாவும் கீதுய்யா" என்றார்.

அடக்கத்தன்று சபையார் அவருடைய கடைசி வார்த்தை என்ன என்று என்னிடம் கேட்டார்கள். முதல் பாதியைச் சொன்னதும் பலருக்கு முகம் மலர்ந்தது. மீதியையும் சொன்னேன். மேரி அக்கா மட்டும் தலையாட்டினார்.

அவருடைய நம்பிக்கை எனக்கு வரவில்லை. அந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. யார் கேட்டாலும் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.