ஐந்தாவது துளை

போன வாரம் தாராவி லேபர் கேம்ப் பகுதியில் நான் பாடம் நடத்தும் ட்யூஷன் அறையில் ஒரு சிறுமி பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். கணக்குப் போடச் சொன்னால் கச்சேரி செய்கிறாளே என்று அதட்டத்தான் போனேன். வாயில் வந்தது வேறு: “ரெக்கார்டர் கத்துக்கலாமா?” எட்டுத் தலைகள் நிமிர்ந்தன. யோசனை வந்ததற்கும் வாக்குக் கொடுத்ததற்கும் நடுவில் எனக்கு மூச்சுவிடக்கூட நேரமில்லை. பயம் எனக்கு எப்போதும் பிறகுதான் வரும். வந்தால் ஒரு வாரம் தங்கும்.

பேச்சைப் பதிவுசெய்கிற கருவி இல்லை, கேட்டீர்களா. நேராகப் பிடித்து நுனியில் ஊதும் பிளாஸ்டிக் குழல். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட மலிவான வாத்தியம் அநேகமாகக் கிடையாது. ஆனால் எட்டு வீட்டு அம்மாக்களும் ஒரு தடவைதான் காசு தருவார்கள். நான் தப்பானதை வாங்கிவிட்டால் தப்பு குழலிடம் இருக்கிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியப்போவதில்லை. தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பெட்டியைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை வந்தது. உடனே எனக்கு ஆறாம் வகுப்பு வந்துவிட்டது, உள்ளங்கை வியர்வை உட்பட.

எங்கள் பள்ளியின் இசை அறை மூன்றாம் மாடியில் இருந்தது. மற்றவர்கள் பள்ளி சொன்ன குழலை வாங்கினார்கள். என் வாப்பா அதே நிறத்தில், அதே நீளத்தில், பஜாரில் விலை குறைத்து ஒன்று வாங்கி வந்தார். எல்லா ஸ்வரமும் ஒழுங்காகப் பேசும். எஃப் மட்டும் சரிந்து கீழே விழும். இசை மிஸ் பாலக்காட்டுக்காரர். வகுப்புக்கு இங்கிலீஷ், திட்டுவதற்கு மட்டும் தமிழ். “எஃப்ல யாரு அழறா? நீதானே? ஒனக்குக் காது கேக்கறதோ இல்லியோ?”

வீட்டுக்கு வந்து அழுதேன். வாப்பாவுக்குத் தாராவியில் தோல் பெல்ட் செய்யும் கார்கானா. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் குழலை இரவல் வாங்கி வரச் சொன்னார். இரண்டையும் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடை அடிக்கும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெல்ட்டில் ஒரு ஓட்டை நூலளவு சிறுத்தாலும் சரக்கையே ஒதுக்குகிற கண் அது.

“இங்க பாரு ளா, ஒன்னோடதுல அஞ்சாவது ஓட்ட சிறுசா இருக்கு. டிஃபெக்ட் மாலு. இதுக்குப் போயா அழுத?”

குத்தூசியைச் சுடவைத்து, அந்தத் துளையை அகலப்படுத்தி, அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். வேலை அத்தனை சுத்தம். அதுவரை விழுந்துகொண்டிருந்த எஃப் அதன் பிறகு கிறீச்சிட்டது.

ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வரிசையில நில்லு. வெரலை மட்டும் அசை. ஊதிடாதே, என்ன?” அப்படியே செய்தேன். திரும்பும்போது ஆட்டோவில் வாப்பா பெருமையாகச் சொன்னார்: “அத்தன சத்தத்துலயும் ஒஞ் சத்தம் தனியாக் கேட்டுச்சு ளா.” “ஆமா, இவரு பெரிய வித்வான்” என்றார் உம்மா. நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு பிறந்தநாள் பாட்டுக்குக்கூட வாயை மட்டும் அசைப்பேன்.

கல்லூரியில்தான் ஒரு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். ரெக்கார்டரில் இரண்டு வகை. ஜெர்மன் வகையில் ஐந்தாவது துளை சிறியது, பரோக் வகையில் பெரியது. எஃப் வாசிக்க ஒவ்வொன்றுக்கும் விரல் வைக்கும் முறை வேறு. மிஸ் கற்பித்தது பரோக், என் கையில் இருந்தது ஜெர்மன். காதிலும் குற்றமில்லை, சரக்கிலும் குற்றமில்லை. அன்றிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன்.

“தோனோ ஸேம் ஹை, தீதி” என்றார் மாட்டுங்கா கடைக்காரர், இரண்டு வகையையும் என் முன்னால் வைத்து. இரண்டும் ஒன்றுதானாம்! நான் ஒவ்வொன்றாகத் திருப்பித் துளைகளைப் பார்த்தேன். ஜெர்மன் வகையில் எஃப் சுலபம், சின்ன விரல்களுக்கு ஆசை காட்டும். ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் இடறும். இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் பரோக்குக்கு. பரோக்தான் என்று முடிவு செய்தும் காசை எடுத்துக் கொடுக்கவில்லை. வாப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“ஓட்ட எல்லாம் ஒண்ணு போல இருக்கா பாத்தியா? இல்லன்னா கொண்டா, நான் சரி பண்ணித் தாரேன்.”

“ஐயோ வேண்டாம் வாப்பா! ஒண்ணு போல இருக்காது. அது அப்படித்தான் வரும்.”

“அப்போ அன்னைக்கு நான் பண்ணது?”

“கெடுத்துட்டீங்க.”

“பொறவு எப்படி ளா ஒஞ் சத்தம் கேட்டுச்சு?”

“கேக்கல வாப்பா. நான் ஊதவே இல்ல.”

பக்கத்தில் ஓடிய தையல் மெஷினை நிறுத்தச் சொன்னார். பிறகு, “எனக்குக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்றார்.

கோவண்டிக்கு வீடு மாறியபோது அந்தக் குழல் எங்கோ போய்விட்டது. இசை அறை இப்போது கம்ப்யூட்டர் அறை. மிஸ் எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லை. அன்று மேடையில் என்னோடு நின்ற இருபது பேரில் ஒருவரும் இன்று என் போனில் இல்லை.

எட்டும் பரோக், ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. சேர்ந்து ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எஃப்பைத் தனியாக ஊத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பிசகினால் முதலில் குழலைப் பார்ப்பேன், அடுத்து விரலை; காதைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நான் ஒரு தடவை ஊதிக் காட்டியாக வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எட்டுப் பேர் பார்க்க.